ஒட்டினால் நிற்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, "இப்போது வரும் கார்களின் பாடியில் வெல்டிங்கோடு சேர்ந்து பசையும் சுமை தாங்குகிறது" என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. ஒட்டிய தகடுகளை இழுத்தும் உரித்தும் உப்புநீரில் ஊறப்போட்டும் உடைத்துப் பார்க்கிற சோதனைக்கூடத்தில்தான் என் பணிக்காலம் முழுக்கக் கழிந்தது. ஆகவே சில பதில்கள் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுக் கார் பார்க்க ஷோரூமுக்குப் போனேன். "ஸ்ட்ரக்சுரல் அட்ஹெசிவ் போட்ட பாடி சார்" என்று விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரைப் பசை போட்டு ஒட்டுவது பெருமைப்படுகிற விஷயமா, செலவைக் குறைக்கும் தந்திரமா?

விற்பனையாளர்கள் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் இதில் அவர் பக்கம்தான் நியாயம்.

பெரும்பாலான ஸ்டீல் பாடிகளில் வெல்டிங்கை எடுத்துவிட்டுப் பசை போடுவதில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கும். தகட்டின் ஓரத்தில் ரோபோ ஒரு கோடு பசை விடும். மேலே அடுத்த தகடு வந்து உட்காரும். பசை இறுகுவதற்கு முன்பே அதன் ஊடாக ஸ்பாட் வெல்ட் அடிப்பார்கள். பிறகு பாடி முழுவதும் பிரைமர் தொட்டியில் முங்கி எழுந்து, சுமார் 170, 180 டிகிரி செல்சியஸ் சூளைக்குள் போகும். பிரைமரைச் சுடுகிற அதே சூட்டில் பசையும் இறுகிவிடும்.

இதனால் என்ன லாபம்? ஒரு ஸ்பாட் வெல்ட் என்பது சுமார் 5 மி.மீ. அகலப் புள்ளி, அவ்வளவுதான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்குமே தவிர பிடித்துக்கொண்டு நிற்காது. வண்டி குழியில் இறங்கி ஏறும்போது பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும். அப்போது சுமையெல்லாம் அந்தப் புள்ளிகளின் விளிம்பில் குவியும். விரிசல் விடுவதும் அங்கேதான். நடுவில் பசை இருந்தால் சுமை கோடு முழுவதும் பரவுகிறது. பாடி விறைப்பாகிறது, விரிசல் விழ நாளாகிறது, இடுக்கில் தண்ணீர் புகுவதும் குறைகிறது.

அலுமினியத்தில் கதையே வேறு. அதை ஸ்பாட் வெல்ட் செய்வது ஸ்டீலைப் போலச் சுலபமில்லை. மின்சாரமும் சூடும் அதில் வேகமாகப் பரவிவிடும், மேலே ஆக்சைடு படலம் வேறு குறுக்கே நிற்கும். அதனால் பசையும் ரிவெட்டும் முன்னுக்கு வந்தன. 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் காரின் சேஸிஸ், அலுமினியச் சட்டங்களை எபாக்சி என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசின் பசையால் ஒட்டிச் செய்தது. எடை 68 கிலோதான். 2003-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே.யின் அலுமினிய பாடியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகளோடு நூறு மீட்டருக்கு மேல் பசைக் கோடும் ஓடியது. 2015 மாடல் ஃபோர்ட் எஃப்-150 வந்தபோது முரட்டு வேலைக்கான பிக்-அப் வண்டிக்கும் அதே வழி வந்துவிட்டது.

உங்களிடம் பழைய கார் இருந்தாலும் பசை இல்லாமல் இருக்காது. கதவின் வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்களே, அந்த மடிப்புக்குள் பெரும்பாலும் பசைதான் இருக்கிறது. இவ்வளவு நாள் அதைப் பிடித்துத்தான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தீர்கள்.

கேள்வி: எபாக்சி டியூபில் "சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன்" என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் கட்டைவிரல் அளவு ஒட்டு ஒரு ஆள் கூட்டத்தையே தூக்க வேண்டும். ஆனால் நான் ஒட்டிய தகடு, ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் கையோடு வந்துவிட்டது. எது பொய்?

இரண்டுமே நிஜம். உங்கள் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். சோதனைக்கூடத்தில் வழக்கமாக 25 மி.மீ. அகலப் பட்டைகள் இரண்டை 12.5 மி.மீ. நீளத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவோம். பரப்பு 312.5 சதுர மி.மீ. அதை 25-ஆல் பெருக்கினால் சுமார் 7,800 நியூட்டன், அதாவது 800 கிலோ எடை. பட்டை 1 மி.மீ. தடிப்புள்ள சாதாரண ஸ்டீலாக இருந்தால் பசை அசையும் முன் 500 கிலோ வாக்கில் ஸ்டீலே நீள ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்படி, நீளவாட்டில் இழுத்தால் மட்டும். அதே 25 மி.மீ. பட்டையின் நுனியை மடக்கி உரித்தால், ரப்பர் துகள் எதுவும் சேர்க்காத சாதா எபாக்சி நாலைந்து கிலோவுக்கே விட்டுக்கொடுக்கும். காருக்கென்று ரப்பர் துகள் சேர்த்துத் தயாரித்த நல்ல எபாக்சிகூட இருபது கிலோ வாக்கில்தான். 800 எங்கே, 20 எங்கே! வழுக்கி இழுக்கும்போது வடக்கயிறு பிடித்த ஆட்களெல்லாம் சேர்ந்து தம் கட்டுகிறார்கள். உரிக்கும்போது முன்வரிசை ஆள் மட்டும் தனியாக மாட்டிக்கொள்கிறான். அவன் விழுந்ததும் அடுத்தவன், அப்புறம் அடுத்தவன்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நேராக இழுத்தாலும் உரிப்பு கொஞ்சம் சேர்ந்தே வரும். இரண்டு தகடும் ஒரே கோட்டில் இல்லை, ஒன்றுக்கு மேல் ஒன்று இருக்கிறது. இழுக்கும்போது ஒட்டுப் பகுதி லேசாகத் திரும்பும். ஓரங்கள் வாய் திறக்கப் பார்க்கும். கோலண்ட், ரைஸ்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1944-லேயே இதைக் கணக்காக எழுதிக் காட்டிவிட்டார்கள். நீளவாட்டுச் சுமையும் இரண்டு ஓரத்திலும்தான் குவிகிறது என்பதை அதற்கும் முன்னால், 1938-இல் ஃபோல்கர்சன் என்ற ஆய்வாளர் சொல்லிவிட்டார். ஆகவே ஒட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் பலம் இரட்டிப்பாகும் என்று நம்பாதீர்கள். அகலத்தைக் கூட்டினால் பலம் அதற்கேற்பக் கூடும். நீளத்தில் ஓர் அளவுக்கு மேல் நடுப்பகுதி சும்மாதான் இருக்கும்.

அந்தச் சும்மா இருக்கும் நடுப்பகுதியும் வீண் இல்லை. மாதக்கணக்கில் சுமை ஏறியே நின்றால், அதுவும் வெயில் சூட்டில், பசை மெல்ல மெல்ல இழுபடும். நடுவில் சுமையே படாத ஒரு பகுதி இருந்தால் அது நங்கூரமிட்டுப் பிடித்துக்கொள்ளும். விமான இணைப்புகளுக்காக 1970-களில் ஹார்ட்-ஸ்மித் என்ற பொறியாளர் இதை வலியுறுத்தினார்.

உங்கள் தகட்டுக்கு வருவோம். ஓரத்தை நெம்ப இடம் இருக்கிற மாதிரி எதையும் ஒட்டாதீர்கள். இடம் இருந்தே தீரும் என்றால் ஓரத்தில் ஒரு ரிவெட் போடுங்கள். எலிஸ் சேஸிஸில் அவ்வளவு பசைக்கு நடுவே திருகுகளும் ஏன் இருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். அவை பெரும்பாலும் இந்த உரிப்பைத் தடுக்கத்தான்.

கேள்வி: மேடம், நான் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். நல்ல கம்பெனியின் இரண்டு பாக எபாக்சி வாங்கித்தான் பேனல் ஒட்டுகிறேன். அன்றைக்குக் கடப்பாரை போட்டாலும் வராது. ஒன்றிரண்டு மழைக்காலம் போனதும் கஸ்டமர் திரும்பி வருகிறார். பிரித்துப் பார்த்தால் பசை முழுசாக ஒரு தகட்டில் இருக்கிறது, மற்ற தகடு பளபளவென்று இருக்கிறது. டூப்ளிகேட் பசையா?

பசை நல்ல பசைதான் தம்பி. நீங்களே விடையையும் எழுதிவிட்டீர்கள்: "மற்ற தகடு பளபளவென்று இருக்கிறது."

உடைந்த ஒட்டைப் பார்த்ததும் எத்தனை கிலோ தாங்கியது என்ற கணக்கைப் பார்ப்பதற்கு முன் நாங்கள் உடைந்த முகத்தைத்தான் பார்ப்போம். இரண்டு தகட்டிலும் பசை ஒட்டிக்கொண்டிருந்து, பசையின் நடுவே கிழிந்திருந்தால் அது யோக்கியமான உடைவு. பசை தன் முழு பலத்தையும் கொடுத்துவிட்டுத்தான் தோற்றிருக்கிறது. ஒரு பக்கம் உலோகம் துடைத்துவிட்டாற்போல வந்தால் பசை தோற்கவே இல்லை. பசைக்கும் உலோகத்துக்கும் நடுவே இருந்த பிடி தோற்றிருக்கிறது. இரண்டாவது வகை எத்தனை கிலோ தாங்கியிருந்தாலும் எங்கள் கூடத்தில் தேறாது.

அந்தப் பிடியைக் கெடுப்பது தண்ணீர். எபாக்சிக்குள் தண்ணீர் போகாது என்று நினைக்கிறோம். போகும். எடையில் சில சதவீதம் வரை மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பசை கொஞ்சம் மெத்தென்று ஆகும். அதுகூடப் பெரிய கேடில்லை, காய்ந்தால் பெருமளவு திரும்பிவிடும். கேடு எங்கே என்றால், உலோகத்தின் மேல்பரப்பு எப்போதுமே ஆக்சைடு. ஆக்சைடுக்குப் பசையைவிடத் தண்ணீர்மேல்தான் பிரியம் அதிகம். மூலக்கூறு மூலக்கூறாக வந்து சேர்ந்த தண்ணீர், பசையை ஓரங்கட்டிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். அலுமினியமாக இருந்தால் ஆக்சைடே தண்ணீரைக் குடித்து உப்பி, பலமில்லாத மாவாகும். ஸ்டீலாக இருந்தால் துரு ஓரத்திலிருந்து அடியில் ஊர்ந்துகொண்டே வரும். உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

விமானத் துறை இதை அடிபட்டுத்தான் கற்றது. இழுவைச் சோதனையில் பிரமாதமாகத் தேறிய ஒட்டுகள் பறக்கும் விமானத்தில் விட்டுக்கொண்டே வந்தன. அப்புறம்தான் ஆப்புச் சோதனை வந்தது. கிட்டப் போய்ப் பாருங்கள். 3 மி.மீ. தடிப்புள்ள இரண்டு அலுமினியப் பட்டைகளை முழு நீளத்துக்கும் ஒட்டி, ஒரு முனையில் சின்ன உலோக ஆப்பைச் சுத்தியலால் இறக்குவோம். ஒட்டு கொஞ்ச தூரம் பிளந்து நின்றுவிடும். பிளவின் நுனியை பூதக்கண்ணாடியில் பார்த்து பட்டையின் பக்கவாட்டில் ஊசியால் ஒரு கோடு கீறுவோம். பிறகு 50 டிகிரி சூடும் ஈரமும் நிறைந்த பெட்டிக்குள் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்து மறுபடி கீறுவோம். பரப்பு சரியாகத் தயாரான பட்டையில் இரண்டு கீறலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வெறுமனே துடைத்து ஒட்டிய பட்டையில் நுனி எங்கேயோ போயிருக்கும். சிலது பெட்டிக்குள்ளேயே இரண்டாகக் கிடக்கும். காய்ந்த நிலையில் இழுத்தால் இந்த இரண்டு பட்டைக்கும் எண்ணில் பெரிய வித்தியாசம் இருக்காது. "அன்றைக்குக் கடப்பாரை போட்டாலும் வராது" என்றீர்களே, அதேதான்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். தொழிற்சாலையில் எண்ணெய்ப் பிசுக்குள்ள தகட்டின் மேலேயே பசை விடுகிறார்களே? உண்மைதான். அது சூளையில் இறுகும் பசை. 170 டிகிரி சூட்டில் அந்த மெல்லிய எண்ணெயைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும்படி தயாரித்தது. பட்டறை எபாக்சி அறைச் சூட்டில் இறுகுவது. அதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

எனவே பழைய பெயிண்ட், பிரைமர், துரு எல்லாம் ஒட்டுமிடத்தில் முழுக்கப் போக வேண்டும். பெயிண்டின் மேல் ஒட்டினால் உங்கள் ஒட்டு பெயிண்டின் பலத்துக்குத்தான் நிற்கும். முதலில் சால்வென்ட் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்), அப்புறம் உப்புத்தாள், மறுபடி சால்வென்ட். வரிசையை மாற்றி உப்புத்தாளை முதலில் போட்டால் எண்ணெயைத் தேய்த்து உள்ளே இறக்கிவிடுவீர்கள். துடைக்கும்போது ஒரு துணியால் ஈரமாக்கி, அது காயும் முன் இன்னொரு சுத்தமான துணியால் ஒரே திசையில் வழித்தெடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே படிந்துவிடும். சுத்தமா என்று பார்க்க ஒரு மாதிரித் தகட்டில் சுத்தமான தண்ணீர் தெளியுங்கள். மெல்லிய படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. டயருக்கும் டேஷ்போர்டுக்கும் பளபளப்புக்கு அடிக்கிற சிலிக்கோன் ஸ்ப்ரேயை ஒட்டு வேலை நடக்கிற இடத்துப் பக்கமே விடாதீர்கள். அது காற்றில் வந்து படிந்தாலே போதும், வேலை கெட்டது.

பசைக் கம்பெனி பிரைமர் கொடுத்தால் அதைத் தவறாமல் போடுங்கள். அதில் பெரும்பாலும் சிலேன் இருக்கும். அந்த மூலக்கூறின் ஒரு முனை ஆக்சைடைப் பிடிக்கும், மறுமுனை எபாக்சியைப் பிடிக்கும். தண்ணீர் நுழையத் தேடும் அதே இடத்தில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். தேய்த்த தகட்டை நாளைக்கு ஒட்டலாம் என்று வைக்காதீர்கள், அன்றைக்கே ஒட்டுங்கள். கார்ட்ரிட்ஜ் முனையிலிருந்து வரும் முதல் சில அங்குலப் பசையைத் தள்ளிவிடுங்கள், நிறம் ஒரே சீராக வந்த பிறகு வருவதுதான் சரியாகக் கலந்தது. கிளாம்பை முறுக்கோ முறுக்கென்று முறுக்கிப் பசையை எல்லாம் பிதுக்கிவிடவும் கூடாது. 0.2 மி.மீ. வாக்கில் ஒரு படலம் உள்ளே நிற்க வேண்டும். அதற்காகவே பல பசைகளில் நுண்ணிய கண்ணாடி மணிகள் கலந்திருக்கும். கடைசியில் ஓரங்களை சீலர் போட்டு மூடுங்கள்.

இவ்வளவும் செய்தும் வந்துவிட்டால் அப்போது பசையைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: விபத்தில் அடிபட்ட காருக்குப் புது ரூஃப் போட வேண்டும். வெல்டிங் வைத்தால் துரு பிடிக்கும், பசை போட்டுத் தருகிறேன், இன்னும் பலம் என்கிறார் மெக்கானிக். சரி சொல்லலாமா?

அந்தக் காரைச் செய்த கம்பெனியின் ரிப்பேர் கையேட்டில் அந்த ரூஃபுக்கு அந்த இடத்தில் பசை என்று எழுதியிருந்தால் சொல்லலாம். இல்லையென்றால் கூடாது.

அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. ஆலங்கட்டி மழையில் நசுங்கிய ஒரு ஹோண்டா ஃபிட் காரின் ரூஃபை, கையேடு வெல்டிங் என்று சொல்லியும், ஒரு பட்டறை பசை போட்டு மாற்றியிருந்தது. அது தெரியாமல் அந்தக் காரைப் பழைய காராக வாங்கிய தம்பதி 2013-இல் டெக்சாஸில் விபத்தில் சிக்கிப் படுகாயம் அடைந்தார்கள். 2017-இல் டாலஸ் நீதிமன்ற ஜூரி அந்தப் பட்டறையின் பங்காக 3 கோடியே 15 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது.

இதைப் படித்துவிட்டுப் பசையைத் திட்டாதீர்கள். வெல்டிங்குக்காக வடிவமைத்த விளிம்பில் சுமை எந்தத் திசையில் வரும், மோதும்போது எது முதலில் மடங்க வேண்டும் என்பதெல்லாம் வெல்டிங்கை வைத்துப் போட்ட கணக்கு. அங்கே பசையை மட்டும் வைத்தால் ரூஃப் உரிபடும் நிலைக்குப் போகலாம். உரிப்பில் பசை எவ்வளவு ஏழை என்று மேலே பார்த்தோம். அதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது: பசையும் ரிவெட்டும் போட்ட அலுமினிய பாடியில் போய் வெல்டிங் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் பக்கத்துப் பசையெல்லாம் கருகிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

கேள்வி: ஸ்டீல் பாடிக்கு அலுமினிய ரூஃபை ஒட்டுகிறார்களாமே. இரண்டு உலோகம் சேர்ந்தால் அரிக்காதா?

நேராகத் தொட்டுக்கொண்டு நடுவே உப்புத்தண்ணீர் இருந்தால் அரிக்கும், அலுமினியம்தான் கரையும். பசை நடுவே மின்சாரத்தைக் கடத்தாத படலமாக நிற்பதால் அந்த விஷயத்தில் வெல்டிங்கைவிடப் பசையே மேல்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அலுமினியம் ஸ்டீலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். ஒன்றரை மீட்டர் ரூஃப் அறைச் சூட்டிலிருந்து 180 டிகிரி சூளைக்குள் போனால் அலுமினியம் ஸ்டீலைவிட 2.7 மி.மீ. வாக்கில் அதிகம் நீண்டு நிற்கும். அந்த நிலையில் பசை இறுகிவிடுகிறது. பிறகு குளிரும்போது இரண்டும் தத்தம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கின்றன, பசை விடமாட்டேன் என்கிறது. விளைவு: ரூஃப் அலையலையாக நெளியும், அல்லது ஓரத்தில் பசை கிழியும், அல்லது ஒன்றும் ஆகாமல் வண்டியின் ஆயுள் முழுக்க அந்தத் தகராறு உள்ளேயே இருந்துகொண்டிருக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் விறைப்பான எபாக்சியை மெல்லிய படலமாகப் போடாமல், இழுபடக்கூடிய பாலியூரித்தேன் வகையைத் தடிமனாகப் போடுவதும், சூளைக்குப் பிறகு ரூஃபை ஏற்றுவதும் உண்டு.

கேள்வி: பிரேக் ஷூவில் லைனிங் பாதி பிய்ந்து வந்துவிட்டது. லைனிங் இன்னும் நிறைய இருக்கிறது. எபாக்சி வைத்து ஒட்டிவிடலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். ஷூவையே மாற்றுங்கள்.

பிரேக்கில் வரும் சூடு நூற்றுக்கணக்கான டிகிரி. கடையில் கிடைக்கும் அறைச் சூட்டு எபாக்சி 100 டிகிரிக்கு முன்பே தளர ஆரம்பித்துவிடும். லைனிங்கை ஒட்ட ஃபீனாலிக் வகைப் பசையை அழுத்தமும் சூடும் கொடுத்துத் தொழிற்சாலையில் இறுக்குகிறார்கள். அப்படி ஒட்டியதே பிய்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்டீல் தட்டு துருப்பிடித்து, துரு உப்பி, லைனிங்கைக் கீழிருந்து தூக்கிவிட்டிருக்கும். பிய்ந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் செம்பழுப்புப் பொடி இருக்கும். பசை அந்தத் துருவோடு சேர்ந்து வந்திருக்கும்.

இந்தச் சாக்கில் ஒன்று: ரிவெட் அடித்த லைனிங்தான் நம்பகம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரிவெட் தலை உள்ளே புதைந்திருக்க வேண்டும் என்பதால் அந்த லைனிங்கின் தடிப்பில் ஒரு பங்கைத் தேயவிடவே முடியாது. ஒட்டியதில் ஏறக்குறைய முழுத் தடிப்பும் பயன்படும்.

கேள்வி: பொறியியல் மாணவி நான். ஒட்டிய அலுமினியப் பட்டைகளை உப்புநீர்ப் பெட்டியில் 1,000 மணி நேரம் வைத்தோம். பலம் 15 சதவீதம்தான் குறைந்தது. இதை வைத்து "இந்த இணைப்பு 15 வருடம் தாங்கும்" என்று அறிக்கையில் எழுதலாமா மேடம்?

எழுதாதே அம்மா. வைவா அன்றைக்கு நான் எதிரே உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வி அதில்தான் வரும்.

35 டிகிரியில் 5 சதவீத உப்புநீர்த் தூவல் என்பது இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. மணி நேரத்தை வருடமாக மாற்றும் வாய்ப்பாடு எதுவும் அதில் கிடையாது. நிஜ வண்டி நனையும், காயும், வெயிலில் கொதிக்கும், குளிரில் விறைக்கும், நடுநடுவே குலுங்கும். அதனால்தான் கார்க் கம்பெனிகள் உப்பு, ஈரம், உலர்வு என்று சுற்றிச் சுற்றி வரும் சோதனைகளுக்கு மாறின. ஈரப்பஞ்சு சுற்றி, பொட்டலமாகக் கட்டி, 70 டிகிரியில் 7 நாள் வைத்து, பிறகு உறைகுளிரில் போட்டு எடுக்கும் சோதனை ஒன்று ஐரோப்பிய கார்த் தொழிலில் பிரபலம். பார்க்க எளிமையாக இருக்கும், கொடூரமான சோதனை.

இன்னொன்று. உன் பட்டைகள் பெட்டிக்குள் சும்மா படுத்திருந்தன. சுமையோடு ஈரத்தில் நிற்கும் ஒட்டு, சும்மா ஊறும் ஒட்டைவிட மிக விரைவில் விடும். ஸ்பிரிங் சட்டத்தில் மாட்டி, பலத்தில் ஒரு பங்கு சுமையை ஏற்றிவைத்து மறுபடி செய்து பார். பலம் 15 சதவீதம் குறைந்தது என்பதைவிட, உடைந்த முகம் மாறியதா என்பதுதான் எனக்கு முக்கியம். முதல் நாள் பசை நடுவே கிழிந்த பட்டை, 1,000 மணி நேரத்துக்குப் பிறகு ஓரத்தில் 2 மி.மீ. மட்டும் உலோகத்தை விட்டு வந்திருந்தால், அந்த 2 மி.மீ.தான் உன் அறிக்கையின் கதை. புகைப்படத்தோடு போடு.

கேள்வி: விமானத்திலும் பசை உண்டா? பயமாக இல்லையா?

1940-களிலிருந்தே உண்டு. இங்கிலாந்தில் நார்மன் டி புரூய்ன் உருவாக்கிய ரீடக்ஸ் என்ற பசைதான் உலோகத்தோடு உலோகத்தை நம்பி ஒட்ட வழி திறந்தது. டி ஹாவிலண்ட் என்ற நிறுவனத்தின் விமானங்களில் அது பயன்பட்டது.

பயப்பட வேண்டிய கதையும் ஒன்று உண்டு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை பறக்கும்போதே பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். மற்றவர்களோடு விமானம் தரையிறங்கியதே ஆச்சரியம். அது 89,680 முறை பறந்து இறங்கிய விமானம். தகடுகளின் இணைப்பில் ரிவெட்டுகளோடு, அறைச் சூட்டில் இறுகும் பசை நாடாவும் இருந்தது. அந்த நாடாவைக் குளிர்பதனத்தில் வைத்திருந்து எடுப்பார்கள். எடுக்கும்போது அதன் மேல் ஈரம் பூத்தால் ஒட்டு அப்போதே பலவீனம். அந்த வகை இணைப்புகளில் இப்படி ஒட்டு விட்ட இடங்களில் ஈரம் புகுந்து அரித்தது, பசை தாங்க வேண்டிய சுமை ரிவெட் துளைகளுக்குப் போனது, துளைகளில் விரிசல்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டன. பட்டறைத் தம்பிக்கு எழுதிய பதிலோடு இதைச் சேர்த்துப் படிக்கலாம்.

கேள்வி: கழன்ற உலோக பிராக்கெட்டை சூப்பர் குளூ வைத்து ஒட்டலாமா?

அறைக்குள் இருக்கும் பொருளுக்கு ஒட்டலாம். வண்டியில் வேண்டாம். நொடியில் பிடிக்கும், ஆனால் அதிர்ச்சிக்கு நொறுங்கும், சூட்டுக்கு இளகும், உலோகத்தின் மேல் ஈரத்தில் நாளடைவில் விட்டுவிடும்.

கேள்வி: ஒட்டு உள்ளே நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க முடியுமா? பழைய கார் வாங்கப் போகிறேன்.

உள்ளே பசை இருக்கிறதா, நடுவில் வெற்றிடம் விழுந்திருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். பசை இருந்து, உலோகத்தைத் தொட்டுக்கொண்டும் இருந்து, ஆனால் பிடிக்காமல் இருந்தால்? அந்தப் போலி ஒட்டைத் திட்டவட்டமாகக் கண்டுபிடித்து, இத்தனை கிலோ தாங்கும் என்று எண்ணாகச் சொல்லும் கருவி எதுவும் கிடையாது. உடைக்காமல் பலத்தை அளக்க வழியில்லை. தொழிற்சாலைகளில் அவ்வப்போது ஒரு பாடியையே பிய்த்துப் பார்ப்பது இதனால்தான்.

வாங்குபவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் மடிப்பு ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் தட்டுப்பட்டால் உள்ளே ஈரம் குடியேறிவிட்டது. வெளித்தகட்டை உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் கம்மென்றும் மறுபக்கம் தகரமாகவும் அதிர்ந்தால் உள்ளே பசை விட்டிருக்கலாம். ஒரு பக்க ஓரத்தில் சீலர் கோடு தொழிற்சாலைச் சீராகவும் எதிர்ப்பக்கம் கையால் இழுத்த மாதிரியும் இருந்தால் அந்தப் பக்கம் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். யார், எந்தக் கையேட்டின்படி பார்த்தார்கள் என்று பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் அடுத்த காரைப் பாருங்கள்.